ஊற்றுகிறவன் இல்லாத நாடகம்

பிறர் எழுத்தைக் குறை சொல்லக் கிளம்புகிறவன் முதலில் தன் முதுகைத் திருப்பிக் காட்டிவிட வேண்டும். அதனால் நாங்கள் போட்ட ஒரு வீதி நாடகத்திலிருந்தே தொடங்குகிறேன். 'குடி கெடுத்த குடி' என்று பெயர். 2019-இல் விழுப்புரம் பக்கத்துக் காலனிகளில் 11 இடங்களில் போட்டோம். எழுதியவன் நான். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கே உரிய சிலேடைத் திமிரோடு வைத்த தலைப்பு.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அப்பன் குடிக்கிறான், பொண்டாட்டியை அடிக்கிறான், மகளின் புத்தகப் பையைக் கூட அடகு வைக்கிறான், சாகிறான். கடைசியில் எல்லோரும் வட்டமாக நின்று உறுதிமொழி எடுக்கிறோம். இருபது நிமிஷம். குடிகார அப்பனாக நடித்தவன் எங்கள் மாலை நேர வகுப்பில் பத்தாவது படித்துக்கொண்டிருந்த ஒரு பையன். 15 வயது. ஒட்டு மீசை வைத்துவிடுவோம். அவன் தள்ளாடி வந்து விழுகிற அழகுக்கு ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். தினம் வீட்டில் பார்த்து அழுகிற ஒன்றைத் தெருவில் பார்த்துச் சிரிப்பதும் ஒரு விடுதலைதான் என்று அப்போது நான் கூட்டங்களில் பேசியிருக்கிறேன்.

நாலாவதோ ஐந்தாவதோ இடத்தில் நாடகம் முடிந்து, சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பையன் பக்கத்தில் வந்தான். வாடை அடித்தது. நடிப்பைப் பார்த்து மெச்சிய பெரியவர் ஒருவர் பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் கூப்பிட்டுப் போய் ஒரு கட்டிங் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். குடிக்கு எதிரான நாடகத்துக்குக் கிடைத்த பரிசு.

"எப்பலேர்ந்துடா இது?"

"எட்டாவது படிக்க சொல்லவே இருக்குதுண்ணா. சாவுக்கு மோளம் அடிக்கப் போவ சொல்ல குடுப்பாங்க."

"யார் குடுப்பாங்க?"

"சாவு வூட்டுக்காரங்கதான். வேற யாரு குடுப்பா?"

எனக்குத் தெரியாதது ஒன்றும் அதில் இல்லை. அதுதான் விஷயமே. எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த ஆளை நான் என் நாடகத்தில் எழுதவில்லை. என் நாடகத்தில் பாட்டில் குடிகாரனோடு கூடவே மேடைக்கு வருகிறது, அவன் கையில் முளைத்தது மாதிரி. ஊற்றுகிறவன் என்று ஒரு பாத்திரமே கிடையாது.

நான் முதன்முதல் குடித்தது 2003-இல், 14 வயதில். தமிழ்நாடு அரசு சில்லறை மதுக்கடைகளைத் தானே எடுத்து நடத்த ஆரம்பித்ததும் அதே வருஷம் நவம்பரில்தான். ஆனால் என் குடி அரசாங்கக் கடையில் ஆரம்பிக்கவில்லை. ஊர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டுச் சாவு. அப்பாவோடு நானும் போயிருந்தேன். வைக்கோலைக் கொளுத்தித் தோலைச் சூடுகாட்டித் தருவதுதான் என் வேலை. ராத்திரி பத்து மணிக்கு மேல் அடிக்கிற ஆளில் ஒருத்தருக்குக் கை வீங்கிப் போனது. குச்சியை என் கையில் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டு ஆள் ஒருவர் பாட்டிலோடு வந்தார். எங்கள் டம்ளர்கள் தரையில் வரிசையாக இருந்தன. கையை ஒரு முழம் உயரத் தூக்கி, டம்ளரில் பாட்டில் பட்டுவிடாமல் ஊற்றிக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "பையனுக்கும் ஊத்துங்கடா, விடிய விடிய அடிக்கணும்ல" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல முடியாது என்று எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. பிறகு தன் டம்ளரை எடுத்துக் குடித்தார். நான் என் டம்ளரை எடுத்துக் குடித்தேன்.

அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியை மறைக்காமல் எழுதுகிறேன்: பெருமையாக இருந்தது. தொண்டை எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, பெருமையாக இருந்தது. அப்பா பக்கத்தில் ஒரு ஆளாக நின்றேன். அதுவரைக்கும் நான் நெருப்புப் போடுகிற பொடியன். காலையில் கூலியைப் பிரிக்கும்போது எனக்கும் ஒரு பங்கு வந்தது. வேலை, கூலி, ஆம்பளை ஆவது, குடி எல்லாமே ஒரே ராத்திரியில் வந்து சேர்ந்தன. பிறகு 27 வயது வரை குடித்தேன். எப்படி விட்டேன் என்பது வேறு கதை, இங்கே தேவையில்லை.

பிற்பாடு எம்.ஏ. வகுப்பில் பொருநராற்றுப்படை நடத்தினார்கள். தடாரிப் பறை அடிக்கிற பொருநன் கரிகாலனிடம் போய்க் கள்ளும் கறியுமாகத் தின்று, பல்லே மழுங்கிப் போனதைச் சொல்கிற இடம். பேராசிரியர் ரசித்து நடத்தினார், வகுப்பே ரசித்தது. வள்ளன்மை, விருந்தோம்பல், கொடை என்று நோட்டில் எழுதிக்கொண்டோம். நானும் எழுதினேன். எனக்கு மட்டும் மூக்கில் வைக்கோல் புகை ஏறியது. பறை அடிக்கிறவனுக்கு வேலை வாங்கினவன் குடிக்கக் கொடுத்தால், சங்கப் பாட்டில் அதற்குப் பேர் கொடை. எங்கள் அப்பாவுக்குக் கொடுத்தால் அதற்கு என்ன பேர்? அரசனின் பெருமையைப் பாட வந்த பாட்டில் கொடுக்கிறவன்தான் நாயகன். வாங்கிக் குடிக்கிறவனின் உடம்பு அவன் கொடைக்குச் சாட்சி, அவ்வளவுதான். அதே பாட்டைச் சாவு வீட்டு வாசலிலிருந்து படித்தால் ஊற்றுகிறவன் வேறு மாதிரி தெரிகிறான்.

புறநானூற்றில் ஔவையார் அதியமானை நினைத்து அழுகிற 235-ஆம் பாட்டு இருக்கிறது. கள் கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் நாங்கள் பாட, கூடவே அவனும் குடிப்பான் என்று சொல்லி அழுவார். அதில் கூட உட்கார்ந்து குடித்தல் இருக்கிறது. கொடுத்தவனும் குடித்தவளும் ஒரே வரிசை. எங்கள் வாசலில் அது இல்லை. அந்த ஒரு முழ உயரம் இருந்தது. எம்.ஏ. தமிழ் எனக்குக் கொடுத்த பெரிய லாபம் இந்த ஒரு முழத்தை அளக்கக் கற்றுக்கொண்டதுதான். பொருநன் தன் சுற்றத்தோடு போனதாகத்தான் ஆற்றுப்படைகள் சொல்கின்றன. அந்தச் சுற்றத்தில் கடைசியாக நின்ற பையனுக்கு என்ன வயசு என்று எந்த உரையாசிரியருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சங்கப் பாட்டை விடுங்கள். அரசாங்கக் கடைப் பாட்டிலின் மேல் முன்பு ஒட்டியிருந்த வாசகத்தைப் பார்ப்போம். மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று போட்டிருந்தது. தமிழ் வாத்தியார் கண்ணோடு பாருங்கள். நாடு முதலில், வீடு அடுத்து, உயிர் கடைசி. செத்துப் போகிறவன் மூன்றாம் இடத்தில் நிற்கிறான். கேடு இருக்கிறது, கேட்டைச் செய்கிற எழுவாய் 'மது'. விற்கிறவன் வாக்கியத்தில் இல்லை. என் நாடகமும் இதே இலக்கணத்தில்தான் எழுதப்பட்டிருந்தது என்பதை யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. 21 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. எங்கள் பையன்கள் கடைக்குப் போவதே இல்லையே. டம்ளர் அவர்களைத் தேடி வருகிறது.

பையன்கள் ஏன் குடிக்கிறார்கள் என்று கேட்டால் பள்ளிக்கூடத்திலும் தொண்டு நிறுவனத்துக் கையேட்டிலும் சொல்கிற பதில் ஒன்றுதான்: சேர்க்கை சரியில்லை. உளவியல் படித்தவர்கள் இதையே சகாக்களின் அழுத்தம் என்பார்கள். தவறு என்று ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். கல்லூரி விடுதியில் அது உண்மை. 1994-இல் லின் கூப்பர் என்கிற உளவியலாளர் பதின்வயதினரிடம் ஆய்வு செய்து குடிப்பதற்கு நாலு நோக்கங்களைப் பிரித்தார். கூட்டத்தோடு சேர்ந்து சந்தோஷமாக இருக்க, உற்சாகத்தை ஏற்றிக்கொள்ள, துயரத்தைச் சமாளிக்க, தன்னை ஒதுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள. இவற்றில் துயரத்தைச் சமாளிக்கக் குடிப்பவர்கள்தான் அதிகச் சிக்கலில் மாட்டுகிறார்கள் என்பது அந்த ஆய்வில் தெரிய வந்தது. உபயோகமான பிரிவினைதான். ஆனால் இந்த நாலிலும் எங்கள் பையன் எதில் வருகிறான்? கை வலிக்காமல் விடிய விடிய அடிக்க, பிண நாத்தம் தெரியாமல் குழி வெட்ட, மலக்குழியில் இறங்க ஒருத்தனுக்கு ஊற்றிக் கொடுக்கிறார்களே, அது எந்த நோக்கம்? அது குடிக்கிறவனின் நோக்கமே இல்லை. வேலை வாங்குகிறவனின் நோக்கம். அதற்கு அந்த அட்டவணையில் கட்டம் கிடையாது.

உலகத்தில் வேறெங்கும் இப்படி இல்லையா என்றால் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் மேற்குக் கேப் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை மலிவான ஒயினாகவே கொடுத்தார்கள். ஒரு நாளில் பல தடவை ஊற்றுவார்கள். 'டாப்' முறை என்று பேர். 1960-களில் சட்டத்தால் தடுத்தார்கள், 1990-கள் வரைக்கும் பல தோட்டங்களில் நடந்தது. வயிற்றில் இருக்கிற பிள்ளையையே அந்தக் குடி தாக்கியது. அதை ஆராய்ந்தவர்கள் தோட்ட முதலாளியையும் சேர்த்தே எழுதினார்கள். நம் ஊரில் கையேடு எழுதுகிறவர்கள் சேர்க்கையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இன்னொரு பேச்சு உண்டு. அது கையேட்டில் இருக்காது, டீக்கடையில் இருக்கும். "அவனுங்களுக்கு ரத்தத்துலயே ஊறினது." எங்கள் பையனை வைத்தே இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரியவர்கள் மட்டையாகிக் கிடக்கும்போது அவன் மட்டும் நின்று அடிப்பான். "என்னமா தாங்குறான் பாரு, வம்சம்டா" என்பார்கள். நம் ஆட்களும் பெருமையாகச் சொல்வார்கள், அதுதான் கொடுமை. விஷயம் வம்சம் இல்லை, வயசு. இளம் எலிகளை வைத்து லிண்டா ஸ்பியர் போன்றவர்கள் பல வருஷம் செய்த ஆய்வுகளில் இது தெரிகிறது. தூக்கம், தள்ளாட்டம் மாதிரி 'போதும்' என்று உடம்பு சொல்கிற அறிகுறிகள் வளர்ந்த எலியைவிட இளம் எலிக்குக் குறைவாகவே வருகின்றன. கூட்டத்தோடு கலந்து கிடக்கிற சுகம் மட்டும் கூடுதல். மனுஷப் பிள்ளைகளுக்கு ஊற்றிச் சோதிக்க முடியாது, கூடவும் கூடாது. ஆனால் சாவு வீட்டில் நான் கண்ணால் பார்த்ததற்கு இது பொருந்துகிறது. நிறுத்தச் சொல்கிற மணி பையனுக்குள் மெதுவாக அடிக்கிறது. யோசித்து அடக்குகிற மூளையின் முன்பகுதியோ இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. இது எல்லாச் சாதிப் பையனுக்கும் பொது. பெரிய வீட்டுப் பையன் தாங்கினால் 'கெப்பாசிட்டி', எங்கள் பையன் தாங்கினால் 'ரத்தம்'.

சீக்கிரம் ஆரம்பிப்பதன் விலையும் தெரிந்ததுதான். அமெரிக்காவில் கிராண்ட், டாசன் இருவரும் 1997-இல் வெளியிட்ட கணக்குப்படி, 14 வயதிலோ அதற்கு முன்போ குடிக்க ஆரம்பித்தவர்களில் 40 சதவீதத்துக்கும் மேல் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானார்கள். 20 வயதுக்குப் பிறகு ஆரம்பித்தவர்களில் 10 சதவீதம். சீக்கிரம் ஆரம்பித்ததுதான் காரணமா, சீக்கிரம் ஆரம்பிக்க வைத்த வாழ்க்கையே காரணமா என்று அவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. எங்களுக்கு அந்தச் சண்டை தேவையில்லை. எங்கள் இடத்தில் இரண்டும் ஒன்று.

சரி, நம் எழுத்துக்கு வருவோம். தலித் எழுத்தில் குடி இல்லையா? நிறைய இருக்கிறது. மராத்தியில் தயா பவாரின் 'பலுத்தா' (1978) தன் அப்பாவின் குடியை மறைக்கவில்லை. பாமாவின் 'சங்கதி' (1994) குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷன்களிடம் நம் பெண்கள் படுகிற பாட்டைத் தெருவில் போட்டு உடைத்தது. அந்தத் துணிச்சலுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் நம் எழுத்தில் நான் படித்தவரைக்கும் குடிக்கிறவன் பெரும்பாலும் அப்பன் அல்லது புருஷன். எழுதுகிறவர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. பிள்ளையின் கண்ணிலிருந்து அப்பனைப் பார்க்கிறோம். அந்தப் பிள்ளையே டம்ளரை எடுக்கிற இடம் வந்தால் எழுத்து சட்டென்று அடுத்த அத்தியாயத்துக்குத் தாவிவிடுகிறது. ஏன்? படித்து மேலே வந்தவர்கள் எழுதுகிறோம். படித்து வந்தவனின் கதையில் 14 வயசுக் குடி ஒரு கறை. நம்மை வைத்தே 'பார்த்தியா, ரத்தம்' என்று சொல்லிவிடுவார்களோ என்கிற பயம். நான் என் நாடகத்தில் என் 2003-ஐ எழுதாமல் விட்டதும் இந்தப் பயத்தால்தான்.

தொண்ணூறுகளில் இன்னொரு வழியும் இருந்தது. கலகப் பண்பாடு பேசிய தோழர்கள் மாட்டுக்கறி, கெட்ட வார்த்தை, குத்தாட்டம் எல்லாவற்றையும் மேட்டிமைப் பண்பாட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்கள். எங்களுக்கு முதுகெலும்பு கொடுத்த பேச்சு அது. அதைப் படித்துத்தான் நான் மோளக்காரன் பிள்ளை என்று வகுப்பில் சொல்லப் பழகினேன். மாட்டுக்கறியில் அவர்கள் சொன்னது சரி. ஆனால் அந்தப் பட்டியலில் குடியும் சேர்ந்து உட்கார்ந்துகொண்டது. மாட்டுக்கறி நாம் நம் அடுப்பில் ஆக்கித் தின்பது. சாவு வீட்டுத் தண்ணி அவன் பாட்டிலிலிருந்து அவன் அளந்து ஊற்றுவது. இரண்டையும் எப்படி ஒரே கூடையில் போட முடியும்? அவன் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு அதையே கலகம் என்று சொன்னால் அவனுக்கு என்ன நஷ்டம்?

எதிர்ப்பக்கம் பௌத்த ஒழுக்கம் பேசுகிறவர்கள். அயோத்திதாசர் காட்டிய பஞ்சசீலத்தில் ஐந்தாவது சீலம் போதை விலக்கு. எனக்கு அதில் மரியாதை உண்டு, நான் இப்போது அந்தப் பக்கம்தான் வாழ்கிறேன். ஆனால் சீலம் ஏற்றுக்கொள்வது வேண்டாம் என்று சொல்ல முடிகிறவனின் காரியம். என் அப்பாவால் அன்றைக்கு வாய் திறக்க முடிந்ததா?

இந்த இடத்தில் அம்பேத்கரைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. 1951-இல், முதல் பொதுத் தேர்தலுக்காகப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு வெளியிட்ட அறிக்கை மதுவிலக்கைக் கடுமையாக எதிர்க்கிறது. சென்னை மாகாணம் முழுக்க 1948-இலேயே மதுவிலக்கு வந்துவிட்டது, பம்பாயிலும் அமலில் இருந்தது. வரி வருமானம் போகிறது, கல்விக்குப் பணம் இல்லை என்பது ஒரு வாதம். எல்லோரும் சொல்கிற வாதம்தான். என்னை நிறுத்தியது இன்னொன்று. சாராயம் காய்ச்சுவது வீட்டுத் தொழிலாகிவிட்டது, முன்பு ஆண்கள் மட்டும் குடித்தார்கள், இப்போது கண்ணெதிரே வீட்டுக்குள்ளேயே காய்ச்சுவதால் பெண்களும் குழந்தைகளும் குடிக்கப் பழகுகிறார்கள் என்கிறது அந்த அறிக்கை. பிள்ளைகளின் குடியைப் பற்றி நம் தரப்பில் எழுதப்பட்டவற்றில் இவ்வளவு நேராக எழுதிய வரிகளை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. அதில் பிள்ளையின் குணம் பற்றிப் பேச்சே இல்லை. பிள்ளை நிற்கிற இடம் பற்றித்தான் பேச்சு. அவன் கண்ணெதிரே என்ன நடக்கிறது, யார் சட்டத்தால் நடக்கிறது என்பதுதான் கேள்வி. அந்த அறிக்கையின் முடிவோடு எனக்கு இன்றைக்கு முழு உடன்பாடு இல்லை. கடையைத் திறந்து வருமானம் பார்த்த அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்ததையும் பார்த்துவிட்டோம். ஆனால் பார்க்கிற முறை அதுதான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் நம் ஜனம், கூலி வேலை செய்கிறவர்கள். குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று அறிவித்ததும், குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பத்து லட்சம் என்று நாடெங்கும் பேச்சு எழுந்ததே, அதைக் கேட்டபோது எனக்கு என் நாடகத்தின் வசனம்தான் கேட்டது. பாட்டில் அவன் கையில் முளைத்தது என்று நாமும்தானே நடித்துக் காட்டினோம்.

பையனிடம் திரும்ப வருகிறேன். நாடகங்கள் முடிந்த பிறகு அவனோடு நிறையப் பேசினேன். புத்திமதி சொல்லவில்லை, சொல்லிப் பார்த்துத் தோற்றுவிட்டேன். ஒருநாள் அவனே சொன்னான்:

"கை வலி ஒரு பக்கம்ண்ணா. அத்தகூடத் தாங்கிக்கலாம். குடிச்சா அவங்க 'டேய் டேய்'னு கூப்புடறது காதுல அவ்ளவா வுழாது. எங்கப்பாவ டேய்ன்றாங்க, என் வயசுப் பையன். அத்தக் கேட்டுக்கினே எப்பிடி அடிக்கறது?"

இந்த ஒரு வார்த்தைக்கு நான் ஆயிரம் கையேடு கொடுப்பேன். சேர்க்கை இல்லை, ஜாலி இல்லை. காதை மூடிக்கொள்ள ஒரு வழி.

நான் இன்னொன்று கேட்டேன். அவன் குடித்துவிட்டு வந்தால் வீட்டில் தங்கச்சியை அடிப்பான் என்று அவன் அம்மா சொல்லியிருந்தார்.

"போதையில என்ன பண்றன்னு தெரியாதாடா?"

"தெரிலண்ணா. கண்ணு மண்ணு தெரியாது."

"அந்தக் கண்ணு மண்ணு தெரியாத போதையில ஊருக்குள்ள போய் அந்த டேய்னு கூப்ட்டவன என்னிக்காவது ஒரு வார்த்த திட்டியிருக்கியா?"

சிரித்தான். "அங்க போயி கத்துனா வெட்டிப் போட்ருவானுங்கண்ணா."

"அப்ப அது மட்டும் தெரியுதா?"

பதில் சொல்லவில்லை. நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும்தான். ஏனென்றால் 27 வயது வரை நானும் தெரு மாறிப் போய்க் கத்தியதில்லை. எந்தப் போதையிலும் என் கால் சரியாகக் காலனிக்குத்தான் திரும்பியது, என் கை சரியாக நம் வீட்டுப் பெண் மேல்தான் ஓங்கியது.

மக்அண்ட்ரூ, எட்கர்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1969-இல் இதையே உலகம் முழுக்கப் பார்த்து எழுதினார்கள். குடித்தவன் எப்படி நடக்கிறான் என்பது சரக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை, அவன் சமூகம் கற்றுக்கொடுத்தபடிதான் நடக்கிறான், வெறியிலும் எல்லை தாண்டுவதில்லை என்று காட்டினார்கள். 1973-இல் மார்லட் என்கிற உளவியலாளர் சோதனைக்கூடத்திலேயே சோதித்தார். வோட்கா என்று சொல்லிக் கொடுத்தால், உள்ளே சரக்கே இல்லாவிட்டாலும் அதிகம் குடித்தார்கள். சரக்கு என்று நம்புவதே பாதி வேலையைச் செய்கிறது. நம் பிள்ளை முதல் சொட்டு குடிப்பதற்கு முன்பே, குடித்தால் யாரை அடிக்கலாம், யார் வாசலில் வாயை மூட வேண்டும் என்ற பாடம் முழுதும் அவனுக்கு மனப்பாடம். அதைச் சொல்லிக்கொடுத்தது தெரு. நம் தெருவும்தான். அவன் தங்கச்சி என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினாள். அவளுக்கு அப்போது 12 வயசு. "அண்ணன் குடிச்சா அப்பா மாதிரி நடக்கிறான், குடிக்கலன்னா அண்ணன் மாதிரி நடக்கிறான்" என்றாள். கலகப் பண்பாடு எழுதியபோது இவளிடம் யாரும் கேட்கவில்லை. என் நாடகத்திலும் அவளுக்கு வசனம் கிடையாது, அழுகை மட்டும்தான் கொடுத்திருந்தேன்.

இப்போது நாடகத்தைத் திருத்தி எழுதியிருக்கிறேன். தலைப்பை எடுத்துவிட்டேன், புதுசு வைக்கவில்லை. தங்கச்சிக்கு வசனம் வந்திருக்கிறது. முதல் காட்சி சாவு வீட்டு வாசல். ஊற்றுகிறவன் வருகிறான். படித்துக் காட்டியபோது காலனிப் பெரியவர்கள் நாலைந்து பேர் முகம் சுருங்கினார்கள். "எல்லாம் சரி தம்பி, அவுங்களை எதுக்கு உள்ள இழுக்கற? நாளைக்கி வயல் வேலைக்குக் கூப்புட மாட்டாங்க" என்றார் ஒருவர். 2019-இல் பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் கட்டிங் ஊற்றியவரும் அவரேதான். அவர் சொன்னதில் உள்ள பயம் பொய்யில்லை, அதனால் எனக்குக் கோபம் வரவில்லை.

அந்த வேஷத்துக்கு ஆள் கிடைப்பதுதான் பாடாக இருந்தது. குடிகாரனாக நடிக்க நான் நீ என்று வருகிற நம் பையன்கள், வெள்ளை வேட்டி கட்டி ஊற்றுகிறவனாக நிற்கக் கூச்சப்பட்டார்கள். போன மாதம் ஒத்திகைக்குப் பழைய பையன் வந்திருந்தான். இப்போது வளர்ந்துவிட்டான், சென்னையில் ஏ.சி. மெக்கானிக்கிடம் வேலை. குடியை விட்டுவிட்டாயா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் ஓரமாக உட்கார்ந்து பார்த்தவன் எழுந்து வந்து, "நான் போடறேண்ணா அந்த வேஷத்த" என்றான். தண்ணீர் பாட்டிலை எடுத்தான். தரையில் டம்ளர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பொடியனின் தலைக்கு மேல் கையை நன்றாகத் தூக்கிப் பிடித்தான். அவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றியும் ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

"இப்பிடித்தானண்ணா ஊத்துவாங்க?" என்று என்னைக் கேட்டான்.